தகவல் வந்த நேரம்

“பேஜுல இல்லைன்னா ஆனை இல்லைடி. வா.”

மாலை ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. தேன்மட்டம் எஸ்டேட்டில் தேயிலை நிறுக்கும் கொட்டகைக்கு வெளியே, பேருந்துக்காகக் குடையோடு நின்றிருந்த எபநேசரின் காதில் இது விழுந்தது. சொன்னவள் பவுனு. அவள் பின்னால் காலிக் கூடையோடு ராக்கு நின்றாள்.

“சூசையண்ணன் வரட்டும்டி” என்றாள் ராக்கு.

“அவரு வர்றதுக்குள்ள பால்வாடியில புள்ளைக்கு அழுது அழுது தொண்டை கட்டிடும். நான் போனைப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல.”

இருவரும் ஏழாம் பாதையில் இறங்கினார்கள். சோலைக்காட்டின் ஓரமாகப் போய்த் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் முடியும் குறுக்குப் பாதை அது. ரோட்டைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். அந்தப் பாதையில் போனால் கால் மணி நேரம். தினமும் ஐந்து மணிக்குக் காவலர் சூசை தகர டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். பெண்கள் அவர் பின்னால் போவார்கள்.

எபநேசர் மகிழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பேஜு அவர் செய்தது. எந்தப் பாதையில் யானை நிற்கிறது என்று எஸ்டேட் ஆட்களுக்குச் சொல்லும் சிறிய இணையப் பக்கம். சும்மா இருக்கிறோமே என்று அவரும் போனில் அதைத் திறந்தார்.

‘ஏழாம் பாதை: யானை இல்லை. நேரம் 4.52.’

நாலு ஐம்பத்திரண்டுக்கு யார் சொன்னார்கள்?

சூசை காலைச் சுற்றை முடித்துவிட்டுப் போன் செய்தபோது மணி பதினொன்று பத்து. எபநேசர்தான் அதைப் பக்கத்தில் எழுதினார். அதன் பிறகு போன் வரவில்லை. அவர் எதையும் எழுதவும் இல்லை.

மறுபடி திறந்தார். நேரம் 4.53.

அது தகவல் வந்த நேரம் அல்ல. பார்க்கிறவர் பார்க்கும் நேரம். யார் எப்போது திறந்தாலும் அந்த நிமிடத்தையே காட்டும். அந்த வரியை மே மாதம் அவரேதான் எழுதினார்.

எபநேசர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் வலி உண்டு.

“பவுனு! நில்லுங்க! ராக்கு!”

வளைவில் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னங்கய்யா, பஸ்ஸை விட்டுட்டு எங்க பின்னால வர்றீங்க?” என்று ராக்கு சிரித்தாள்.

“இந்த வழி வேணாம். ரோட்டுல போங்க.”

“பேஜுல ஒண்ணும் இல்லியே” என்றாள் பவுனு.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். எபநேசர் மூச்சு வாங்கினார்.

“இப்பத்தான் போன் வந்துச்சு. கீழ நிக்குதாம்.”

பெண்கள் உடனே ஏறி வந்தார்கள். மூவரும் ரோட்டுக்கு வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. தேயிலைச் சரிவுக்குள்ளிருந்து சூசை ஓடி வந்தார். கால் முழுவதும் சேறு.

“ஏழுல யாரும் இறங்கலியே? கீழ ரெண்டு நிக்குது. குட்டி வேற இருக்கு. சிக்னலே கிடைக்கல, அதான் ஓடியாந்தேன்.”

ராக்கு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பவுனு எபநேசரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“ஐயாவுக்கு அப்பவே போன் வந்துருச்சு. இல்லைன்னா என் புள்ள அநாதை.”

சூசை எபநேசரைப் பார்த்தார்.

“போன் யாருண்ணே பண்ணது?”

எபநேசர் குனிந்து, போட்டுவிட்டுப் போன குடையை எடுத்தார். மடக்கினார். மறுபடி விரித்தார்.

*

அன்று வீட்டுக்குப் போனதும் அந்த வரியைத் திருத்தினார். பத்து நிமிட வேலை. இப்போது பக்கத்தில் ‘தகவல் வந்த நேரம்’ என்று இருந்தது. மூன்று முறை திறந்து பார்த்தார். மூன்று முறையும் காலை 11.10 என்றே காட்டியது.

பழையது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

ஆனால் கதை பரவியது. மறுநாள் தேயிலைக் காட்டில் அதுதான் பேச்சு. கிளார்க்கய்யாவின் பேஜு சூசைக்கு முன்னாலேயே யானையைக் கண்டுபிடித்துவிட்டது. எபநேசர் முன்பு எடை கிளார்க்காக இருந்தவர். வேலையிலிருந்து நின்று நாலு வருடம் ஆகியும் அவர்களுக்கு அவர் கிளார்க்கய்யாதான். ஒருத்தி அவர் வீட்டு வாசலில் பலாப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமை காலைல வேலைக்குப் பேர் குடுக்கிற எடத்துக்கு வந்துருங்க. எல்லார் முன்னாலயும் ஒரு பொன்னாடை போர்த்தணும்.”

“எதுக்கு சார் அதெல்லாம்.”

“இருக்கட்டும். அப்படியே இன்னொண்ணும் சொல்லிடலாம்னு இருக்கேன். வாட்ச்மேனைவிட உங்க பேஜு முன்னாடி சொல்லிடுச்சு. அப்புறம் சூசை டின்னைத் தட்டிக்கிட்டு நடக்கிறது எதுக்கு? அவரை ஃபாக்டரி கேட்டுக்கு மாத்திடறேன். பொம்பளைங்க போனைப் பாத்துட்டு அவங்களே போய்க்கட்டும்.”

எபநேசர் வாயைத் திறந்தார்.

“சரிங்க சார்” என்றார்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

*

பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் ஷமீமா வேலை செய்தாள். இருபத்தெட்டு வயது. எந்தக் கம்பெனியிலும் இல்லை. எங்கெங்கோ இருப்பவர்களுக்கு இணையப் பக்கங்கள் எழுதிக் கொடுப்பாள். எபநேசர் தன்னைவிட அத்தனை வயது சின்னவளை டீச்சர் என்றுதான் அழைப்பார். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு விட்டுவிட்டாள்.

அவள் பாடம் நடத்தியதில்லை. முதல் நாள் யாரோ எழுதிய ஒரு பக்கத்தின் உள்வரிகளைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது யாரோடதுங்க டீச்சர்?”

“தெரியாது. திறந்து வச்சிருக்காங்க. படிங்க.”

“புரியலியே.”

“நாளைக்கும் படிங்க.”

அப்படித்தான் கற்றுக்கொண்டார். அவர் பக்கமும் அதுபோலவே இருந்தது. பாஸ்வேர்டு கேட்காது. பேர் கேட்காது. உடைந்த கண்ணாடி போனில், ஒரு கோடு சிக்னலில் திறக்கும். எப்படி எழுதப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதை ஆப்பாகச் செய்து தருகிறோம் என்று நகரத்திலிருந்து இருவர் வந்தார்கள். எபநேசர் ஷமீமாவைக் கேட்டார். “பவுனு போன்ல ஆப் போட எடம் இருக்கா?” என்று அவள் கேட்டாள். வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை மதியம் அவர் படியேறி வந்தபோது ஷமீமா பன்னைப் பிய்த்து டீயில் தொட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னார். வரியை, போன் வந்ததாகச் சொன்ன பொய்யை, மேனேஜரை, சூசையை. சொல்லும்போது கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார்.

“அந்த வரிய ஏன் மாத்தினீங்க?”

“பொம்பளைங்க சொன்னாங்க டீச்சர். எப்பப் பாத்தாலும் காலை நேரமே போட்டிருக்கு, பயமா இருக்குன்னு. பேஜு ஓடுதா நின்னு போச்சான்னே தெரியலன்னாங்க. சரி, பாக்கிற நேரத்தைக் காட்டினா ஓடுதுன்னு தெரியும்னு நெனச்சேன். பயப்பட மாட்டாங்கன்னு.”

“பயம் போச்சா?”

“போச்சு.”

ஷமீமா டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள்.

“நான் மறைக்கல டீச்சர்” என்றார் எபநேசர். “அந்த வரி திறந்துதான் இருந்துச்சு. அறுபத்தோரு நாள். உலகத்துல யார் வேணும்னாலும் பாத்திருக்கலாம்.”

“யாராவது பாத்தாங்களா?”

“இல்ல.”

“நான் பாத்தேன்.”

எபநேசர் நிமிர்ந்தார்.

“மே மாசம் நீங்கதானே வந்து காட்டுனீங்க. இந்த எடத்துல உக்காந்துதான் பாத்தேன். நல்லா இருக்குன்னு சொன்னேன். எனக்கும் தப்பாத் தெரியல.”

சொல்லிவிட்டு அவள் திரும்பிக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டத் தொடங்கினாள். தான் பேசியது போதும் என்று நினைத்துவிட்டாளோ என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவளுடைய சொந்தப் பக்கம் அது. அதில் தன் பிழைகளை எண் போட்டு எழுதி வைப்பது அவள் வழக்கம். இதைப் படித்தால் உங்களுக்கு யார் வேலை தருவார்கள் என்று அவர் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார். படித்துவிட்டும் வருகிறவர்கள் தருவார்கள் என்றாள்.

கடைசியில் புதிதாக ஒரு வரி இருந்தது.

‘நாற்பத்து நாலு. மே 6. யானைப் பக்கத்தில் தவறான நேரம் காட்டும் வரியைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.’

எபநேசர் எழுந்துவிட்டார். “ஐயோ, அழிச்சிடுங்க டீச்சர்! யாராவது பாத்துட்டா?”

“என் தப்பத்தான் போட்டேன். உங்க பேரு இல்ல.”

“யானைப் பேஜுன்னா இந்த மலையில வேற யாரு டீச்சர்?”

“அப்ப உங்க பேரு போட்டு நீங்களே எழுதலாம்.”

“எழுதினா அவங்க என்னை என்ன செய்வாங்க? ரெண்டு மாசம் எங்கள அந்தக் காட்டுக்குள்ள அனுப்பினியான்னு கேப்பாங்க. சூசை கேப்பான், யாரு போன் பண்ணதுன்னு. மேனேஜர் பேஜையே மூடச் சொல்லுவாரு. அப்புறம் அவங்களுக்கு ஒண்ணுமே இருக்காது. இப்பத்தான் சரி பண்ணிட்டேனே. இனிமே தப்பு வராது. சொல்லித்தான் ஆகணுமா?”

ஷமீமா ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

“நாளைக்கு லீவுதானே? சாயங்காலம் அஞ்சுக்கு முன்னால கொட்டகைகிட்ட வந்துருங்க. ஏழுல நடக்கலாம்.”

“சூசை லீவு நாள்ல காலைச் சுற்றோட சரி. சாயங்காலம் வரமாட்டாரே.”

“தெரியும்.”

*

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மஞ்சு மூடுபனியாய் இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகை பூட்டியிருந்தது. ஷமீமா வெறுங்கையோடு நின்றாள்.

“போன் எங்க டீச்சர்?”

“வச்சிட்டு வந்துட்டேன். உங்ககிட்ட இருக்கில்ல?”

இறங்கினார்கள். எபநேசருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பக்கம் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஐந்து மணிக்கு அவர் இந்தப் பாதையில் ஒருநாளும் நடந்ததில்லை. அவர் வீடு ரோட்டு மேலேயே இருக்கிறது.

முதல் வளைவு வரை தேயிலை. அதன் பிறகு இடது கைப்பக்கம் காடு. உண்ணிச் செடி தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பத்தடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக மஞ்சு மட்டும். சொட்டுகிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. எந்தச் சத்தம் சொட்டுவது, எது நடப்பது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“இங்கதான் அன்னைக்கு கூப்பிட்டேன்” என்றார் மெதுவாக.

ஷமீமா தலையசைத்தாள். நிற்கவில்லை.

இரண்டாம் வளைவில் பாதையின் நடுவே யானைச் சாணம் கிடந்தது. பெரியது. எபநேசர் அதைத் தொட்டுப் பார்க்க நினைத்தார். கை போகவில்லை.

“பழசா?” என்று கேட்டாள்.

“தெரியல.”

பேர் கொடுக்கும் இடத்தில் பெண்கள் பேசிக்கொள்வதை அவர் கேட்டிருக்கிறார். பாதையில் இறங்கிவிட்டால் யானை என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. பெரியவங்க என்பார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பார். இப்போது அதையும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கீழே மரம் முறிந்தது.

ஒரே ஒரு சத்தம். நீளமாக, நார் கிழிவது போல. பிறகு எதுவும் இல்லை. பறவைகூட இல்லை.

இருவரும் நின்றார்கள். ஷமீமாவின் கை அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பயம் இருக்கும் என்று அவர் அதுவரை நினைத்திருக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியாது. அவள் வாய் அசைந்தது.

“பேஜுல பாருங்க.”

அவர் போனை எடுத்தார். ஈரக்கையில் இரண்டு முறை வழுக்கியது. ஒரு கோடு சிக்னல் இருந்தது. பக்கம் திறந்தது.

“என்ன போட்டிருக்கு?”

“ஏழாம் பாதை, யானை இல்லை.”

“அப்ப போலாம்.”

அவள் ஓரடி எடுத்து வைத்தாள். எபநேசர் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

“வேணாம் டீச்சர்.”

“இல்லைன்னுதானே போட்டிருக்கு.”

“அது காலைல போட்டது. பத்து நாப்பதுக்கு.”

“சரியான நேரம்தானே? திருத்திட்டீங்களே.”

“சரியான நேரம்தான். ஆனா அதுக்கப்புறம் என்ன வந்துச்சுன்னு யாரு கண்டா? யாரும் வந்து பாக்கல. சூசை போன் பண்ணினதுக்கு அப்புறம் இன்னைக்கு யாரும் பாக்கல. நான் உக்காந்த எடத்துல உக்காந்து எழுதினது அது. எனக்குத் தெரியும் டீச்சர், எழுதினவன் நான்.”

“ஆமா” என்றாள் ஷமீமா. “உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

கீழே இன்னொரு கிளை முறிந்தது. இந்த முறை கொஞ்சம் அருகில். இருவரும் முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே ஏறினார்கள். முதல் வளைவு தாண்டித் தேயிலை வந்த பிறகுதான் திரும்பி நடந்தார்கள். ரோட்டுக்கு வந்ததும் ஷமீமா சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். எபநேசர் அவளைப் பார்க்கவில்லை. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லித்தான் ஆகணுமா என்று அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

*

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நூற்றுப்பத்துப் பேர் கூடியிருந்தார்கள். மேனேஜர் பேசினார். விஞ்ஞானம் என்றார். முன்னேற்றம் என்றார். சூசை எல்லோருக்கும் பின்னால், ஃபாக்டரி சுவரில் சாய்ந்து நின்றார். செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு மேனேஜர் வந்தபோது எபநேசர் கையை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷம் சார். நான் பேசிக்கிறேன்.”

“பேசுங்க, பேசுங்க. கை தட்டுங்கப்பா.”

கைதட்டல் ஓய்ந்தது. எபநேசர் ஒரு காகிதம் கொண்டு வந்திருந்தார். பிரித்துப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“மே ஆறாம் தேதியில இருந்து அந்தப் பேஜு தப்பு நேரம் காட்டிச்சு” என்றார். “காலைல வந்த தகவல, இப்ப வந்த மாதிரி காட்டிச்சு. அறுபத்தோரு நாள். அத எழுதினது நான். போன வியாழக்கிழமை பாத்துட்டுத் திருத்திட்டேன். உங்க யாருக்கும் சொல்லல.”

யாரோ இருமினார்கள்.

“அன்னைக்கு எனக்கு எந்தப் போனும் வரல. பவுனுகிட்டயும் ராக்குகிட்டயும் பொய் சொன்னேன். ஆனை நின்னது எனக்குத் தெரியாது. சூசைக்குத்தான் தெரியும். பாத்துட்டு ஓடி வந்தது சூசை.”

மேனேஜர் பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். “எபநேசர், இதெல்லாம் ஆபீசுல பேசிக்கலாம்” என்றார்.

“ரெண்டு மாசமா?” என்று ஒரு குரல் கேட்டது. “என் மக தெனம் அதுலதான்யா போறா!”

எபநேசர் குரல் வந்த பக்கம் திரும்பினார். தலை குனியவில்லை.

முன்வரிசையில் நின்ற பவுனு அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவரைத் தாண்டினாள். மேனேஜரைத் தாண்டினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. சுவரோரம் போய் நின்றாள்.

“சாயங்காலம் அஞ்சுக்கு வந்துருங்கண்ணே” என்று சூசையிடம் சொன்னாள்.